முன்பக்கம் திறக்கிற சட்டை

— பையைக் கீழ வைங்க அண்ணி. அப்புறம் தண்ணி குடிக்கலாம்.

— மூணு மாடி ஏறி வந்திருக்கேன். உக்காரவாச்சும் விடுவியா?

— உக்காருங்க, யார் வேணாம்னா. பை மட்டும் எனக்குத் தெரியற மாதிரி இருக்கட்டும்.

— இதென்னடி, கடை வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி மாதிரி. எட்டு மாசம் முடிஞ்சவ கதவை மறிச்சுக்கிட்டு நிக்கலாமா? போய்க் காலை நீட்டி உக்காரு.

— ரெண்டாவது மாடியில செருப்புச் சத்தம் நின்னுபோச்சு. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் மறுபடி கேட்டுச்சு. யார்கிட்டப் பேசிட்டிருந்தீங்க?

— சுவத்துகிட்ட. மூச்சு வாங்குச்சு, சாஞ்சு நின்னேன்.

— மேல் வீட்டம்மா உங்களைவிடப் பெரியவங்க. ரெண்டு கையிலயும் காய்கறியைத் தூக்கிட்டு நிக்காம ஏறுறாங்க. நீங்க போன் பேசத்தான் நின்னீங்க.

— சரி. கேமரா சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— என்னைக் கேமரான்னு கூப்பிடாதீங்க.

— வேற எப்படிக் கூப்பிட? துணிக்கடையில வரிசையா கேமராத் திரை வச்சுக்கிட்டு, எவ எதை எடுத்து இடுப்புல சொருகறான்னு பாக்கறவளை வேற என்னன்னு கூப்பிடறது? லீவு போட்டு வீட்டுல இருந்தும் வேலையை விட மாட்டேங்குற.

— அந்த வேலையில ஒண்ணு கத்துக்கிட்டேன் அண்ணி. முகத்தைப் பாக்கக் கூடாது, கையைப் பாக்கணும். முகம் சிரிக்கும். கைக்கு நடிக்கத் தெரியாது. நீங்க பெட்டியோட இந்த வீட்டுக்குள்ள வந்த நாள்லேருந்து உங்க கையைத்தான் பாத்துட்டிருக்கேன்.

— என்ன சொல்லுது என் கை?

— பையைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் எங்க இருக்கேன்னு பாக்கறீங்க. கடையில அப்படிப் பாக்கறவங்களைத்தான் நாங்க பிடிப்போம்.

— உங்க கடையில நான் எதையும் தூக்கலையேம்மா. நான் வேலை பாக்கறதே சட்டை ஃபேக்டரி, தச்சு வர்ற சட்டையைச் செக் பண்ற எடம். தூக்கணும்னா அங்கயே தூக்கியிருப்பேன்.

— சிரிக்க வைக்காதீங்க. சிரிச்சா உள்ள உதைக்குது.

— உதைக்கட்டும். உதைச்சா நல்லதுதான்.

— இதைத்தான் எல்லாரும் சொல்றீங்க. நல்லதுதான், நல்லாயிரும், தைரியமா இரு. அந்த டாக்டர் மட்டும்தான் அப்படிச் சொல்லல. படம் போட்டுக் காட்டினாரு. இதயத்துலேருந்து போற ரெண்டு பெரிய குழாயும் இடம் மாறி முளைச்சிருக்காம். பொறந்த கையோட நெஞ்சைத் திறந்து மாத்தி வைக்கணுமாம். அதுவரைக்கும் என் வயித்துக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாதாம். வெளிய வந்தாத்தான் கஷ்டமாம். கேட்டீங்களா அண்ணி, என் பிள்ளைக்கு வெளிய வர்றதுதான் வியாதி.

— தெரியும்மா. தம்பி சொன்னான்.

— அக்காகிட்டச் சொல்லாம இருப்பாரா. சொன்ன அடுத்த வாரமே நீங்க வந்து நின்னீங்க. கூப்பிடவும் இல்ல, எழுதவும் இல்ல. மூணு வருஷமா என்கிட்ட நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்காதவங்க.

— நீ கேட்டியா?

— நான் ஏன் கேக்கணும்? என் கல்யாணத்துல என் பக்கத்துல நிக்கற பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி பிளவுஸ் தைக்கக் குடுத்தேன். நானே கடை கடையா ஏறி துணி எடுத்தேன். எல்லாரும் போட்டாங்க. நீங்க மட்டும் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு வந்து ஓரமா நின்னீங்க. அந்தப் போட்டோவை இப்பப் பாத்தாலும் எனக்கு வயிறு எரியுது.

— கழுத்து ரொம்ப எறக்கம்மா அது. எனக்கு அதெல்லாம் பழக்கம் இல்ல.

— எங்க அம்மா வயசுக்காரங்க போட்டாங்க.

— உங்க அம்மாவுக்கு நல்ல கழுத்து.

— பாத்தீங்களா, பேச்சை மாத்தறீங்க. உங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான். நீங்க ஏன் கல்யாணம் பண்ணிக்கலன்னு ஒரு நாள் உங்க அம்மாகிட்டக் கேட்டேன். பால் பொங்குதுன்னு சொல்லி எழுந்து போனாங்க. அடுப்பே பத்த வைக்கல.

— வந்த மாப்பிள்ளை எல்லாத்தையும் நான்தான் ரிஜெக்ட் பண்ணேன். என் வேலையே அதானே. ஒருத்தன் மீசையில பிசிறு, ஒருத்தன் பேச்சுல பிசிறு. கத்தரிச்சுப் போட்டேன்.

— நெஜமாவா?

— பாதி நெஜம்.

— மீதி?

— மீதி அவங்க பண்ண ரிஜெக்ட். விடு. தண்ணி குடு.

— குடுக்கறேன். அதுக்கு முன்னாடி நான் கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லணும். நாளைக்குக் காலையில அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறோம். பிள்ளை பொறக்கற வரைக்கும் எதுத்தாப்புல ரூம் எடுத்துத் தங்கணும். அவரு பாதி நாள் வேலைக்கு வந்துருவாரு. அப்ப என் கூட ராத்திரி பகல் இருக்கப் போறது நீங்க. எனக்கு மயக்கம் குடுத்தா, டாக்டர் யாரையாவது கூப்பிட்டு என்ன பண்ணட்டும்னு கேட்டா, அங்க நிக்கப் போறது நீங்க. யாரை நம்பி என் பிள்ளையை விட்டுட்டுப் படுக்கறேன்னு எனக்குத் தெரியணும். தெரியலேன்னா நான் கெளம்ப மாட்டேன்.

— கெளம்பாம?

— இங்கயே பெத்துக்கறேன்.

— இங்க பெத்தா பிள்ளைக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?

— தெரியும். அதனாலதான் கேக்கறேன். தெனமும் மத்தியானம் சாப்பிட்ட கையோட எங்க போறீங்க?

— கடைக்கு.

— எந்தக் கடை சாயங்காலம் வரைக்கும் உங்களை உள்ள வச்சுக்குது? உங்க சேலையில மருந்து வாசம் அடிக்குது. தரை தொடைக்கற மருந்து. ஆஸ்பத்திரி வாசம். அப்புறம் போன். நேத்து சமையல்கட்டுல மெதுவாப் பேசினீங்க. 'அவளுக்குத் தெரியாம எத்தனை நாளைக்கும்மா' அப்படின்னீங்க. நான் வந்ததும் வெச்சுட்டீங்க. அது உங்க அம்மா. எனக்குத் தெரியாம என்ன அது?

— காது நல்லாத்தான் இருக்கு.

— கண்ணும் நல்லாத்தான் இருக்கு. முந்தாநாள் நீங்க வெளிய போனப்ப உங்க பெட்டியைத் திறந்தேன்.

— திறந்துட்டியா.

— திறந்தேன். தப்புதான். தப்புன்னு தெரிஞ்சேதான் திறந்தேன். ஏன் உங்களுக்கு முகம் வெளுக்குது?

— வெளுக்கல. எதைப் பாத்த?

— எதைப் பாத்திருக்கக் கூடாதுன்னு நெனைக்கறீங்களோ அதை. சின்னச் சின்னச் சட்டை. எல்லாம் வெள்ளை. பட்டன் கெடையாது, கொக்கி கெடையாது. முன்பக்கம் மேலேருந்து கீழ வரைக்கும் பொளந்து கெடக்கு, நாடா மட்டும் தொங்குது. தோள்லயும் பிரிச்சு நாடா வச்சிருக்கு. கைகாலைத் தூக்காம, அசைக்காம, கீழ விரிச்சு மேல போத்திக் கட்டற மாதிரி. உயிரோட இருக்கற பிள்ளைக்கு யாரும் அப்படித் தைக்க மாட்டாங்க அண்ணி.

— அடிப் பாவி.

— போற பிள்ளைக்குப் போடற துணி அது. பொறக்கறதுக்கு முன்னாடியே என் பிள்ளைக்கு அளவெடுத்துட்டீங்க. உங்க அம்மாவும் நீங்களும் பேசி முடிவே பண்ணிட்டீங்க.

— இந்த ரெண்டு நாளா இதை மனசுல வச்சுக்கிட்டா என் கையால சாப்பிட்ட?

— பசிச்சுது. சாப்பிட்டேன்.

— சட்டைக்குக் கீழ வேற எதையும் பாக்கலையா?

— பாத்தேன். சாக்ஸ். விரல் நீளம் கூட இல்லாத சாக்ஸ். ஒவ்வொண்ணுலயும் பக்கத்துல ஒரு ஓட்டை. நானும் திருப்பித் திருப்பிப் பாத்தேன். கிழிசல் இல்ல. ஓட்டையைச் சுத்தி அழகா தச்சிருக்கு. புது சாக்ஸ்ல ஓட்டை போட்டு ஓரம் அடிக்கறவங்களை நான் பாத்ததே இல்ல.

— அதுக்கு என்ன அர்த்தம் கண்டுபிடிச்ச?

— கண்டுபிடிக்க முடியல. அது ஒண்ணுதான் என் கணக்குல உக்காரல. அதனாலதான் ரெண்டு நாளா உங்களை இன்னும் வீட்டை விட்டுத் துரத்தாம வச்சிருக்கேன்.

— அந்த ஓட்டைக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும். சரி, அந்தத் தண்ணி பாட்டிலை எடுத்துட்டு வா. சின்னது. உன் போன் சார்ஜரையும் எடு.

— எதுக்கு?

— எடுன்னா எடேன். காதுல மாட்டற ஒயர் இருக்குமே, அதையும் கொண்டா. இப்படி மேசை மேல வை. இதான் உன் பிள்ளை.

— பாட்டிலா?

— உன் சாயல் கொஞ்சம் இருக்கு. மூடியைப் பாரு. இப்பக் கேளு. ஆபரேஷன் முடிஞ்சு தீவிரப் பிரிவுல இருக்கற வரைக்கும் பிள்ளைக்குத் துணியே போட மாட்டாங்க. வார்டுக்கு வந்தப்புறம்தான். அப்பவும் உடம்பெல்லாம் ஒயரு. சார்ஜரை இப்படி வச்சு ஒட்டு. இது நெஞ்சுல இருக்கற ஒயரு. இப்ப உங்க கடைச் சட்டையை இதுக்குப் போட்டு விடு பாப்போம். தலை வழியா மாட்டற சட்டை.

— மாட்டினா ஒயர் இழுக்கும்.

— கையைத் தூக்கி உள்ள விடு.

— கையைத் தூக்கலாமா? நெஞ்சுல தையல் இருக்குமே.

— கூடாது. கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, கக்கத்துல கை குடுத்துத் தூக்கக் கூடாது. அடியில கை விட்டு அள்ளணும், மாவு அள்ளற மாதிரி. அப்பச் சட்டை எப்படி இருக்கணும்? நீயே சொன்னியே. கைகாலைத் தூக்காம, கீழ விரிச்சு, மேல போத்திக் கட்டற மாதிரி.

— பட்டன் ஏன் இல்ல?

— அடிக்கடி எக்ஸ்ரே எடுப்பாங்க. டிச் பட்டன் இரும்பு, படத்துல வெள்ளையா விழும், ஒவ்வொரு தடவையும் கழட்டணும். பிளாஸ்டிக் பட்டன்னா தையல் மேல அழுத்தும். நாடான்னா எந்தப் பக்கம் ஒயர் வருதோ அந்த எடத்தை மட்டும் விட்டுட்டுக் கட்டலாம்.

— வெள்ளை?

— கசிவு இருந்தா வெள்ளையில உடனே தெரியும். பூப்போட்ட துணியில தெரியாது. நான் மொதல்ல மஞ்சள்லதான் தச்சேன், வாத்துப் படம் போட்டு. வார்டு நர்ஸ் விரல் நுனியால தூக்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டா. இத்தனை வருஷம் ஊரார் சட்டையை ரிஜெக்ட் பண்ண எனக்கு அன்னைக்குத்தான் அந்த வலி தெரிஞ்சுது.

— சாக்ஸ்?

— காதுல மாட்டற ஒயரை எடு. பிள்ளையோட பாதத்துல ஒரு பட்டி சுத்துவாங்க. சின்னதா செவப்பு லைட் எரியும். ரத்தத்துல காத்து போதுமான்னு அது சொல்லும். பிள்ளை காலை ஒதறினா பட்டி கழண்டு மிஷின் கத்தும். தாய்க்காரி உசுரு போய் உசுரு வரும். பட்டிக்கு மேல சாக்ஸ் போட்டு ஒயரை மட்டும் அந்த ஓட்டை வழியா வெளிய எடுத்துட்டா, எவ்வளவு ஒதைச்சாலும் கழலாது.

— ஒதைக்கும்.

— ம்?

— நல்லாத்தான் ஒதைக்குது. இப்பவே.

— அதனாலதான் ஓரம் ரெண்டு சுத்து அடிச்சேன். அழுவாத. பாட்டில் பாக்குது.

— நான் அழல. இருங்க. இன்னும் முடியல. இதை ஏன் என்கிட்ட மறைச்சீங்க?

— ஓட்டை போட்ட சாக்ஸைக் கொண்டுவந்து காட்டி, இந்தா பிள்ளைக்குன்னு சொல்லச் சொல்றியா? நீ டாக்டர் போட்ட படத்தையே மடிச்சு அலமாரி அடியில வச்சிருக்க. வேளை வரும்போது குடுக்கலாம்னு இருந்தேன்.

— அப்ப மத்தியானம் போறது?

— அந்த ஆஸ்பத்திரிக்குத்தான். ரெண்டு பஸ் மாறிப் போறேன். வார்டு வாசல்ல பெஞ்சு இருக்கு. அங்க வர்ற தாய்மாருங்ககிட்டப் பேசுவேன். யார்கிட்டச் சொன்னா காரியம் நடக்கும், ராத்திரி வெந்நீர் எங்க கெடைக்கும், எந்த லிஃப்ட் நடுவுல நிக்கும், எல்லாம் இப்ப எனக்குத் தெரியும். நாளைக்கு நீ அங்க புது ஆளா போய் முழிக்க வேணாம்.

— நீங்க வேலைக்கு?

— லீவு சொல்லியிருக்கேன். என் எடத்துல ஒருத்தியை உக்கார வச்சிருக்காங்க. அவ பாஸ் பண்ற சட்டையை எல்லாம் நெனச்சாத்தான் தூக்கம் வரல.

— அண்ணி.

— சொல்லு.

— அந்த நாடாவை ஒரு தடவை கட்டிக் காட்டுங்க. பாட்டிலுக்கு.

— நர்ஸ் பாஸ் பண்ண சட்டை ஒண்ணு இந்தப் பையிலயே இருக்கு. இப்படி. மொதல்ல கீழ் நாடா, அப்புறம் நடு. மேல் நாடாவை இறுக்காத. தையலை எல்லாம் நான் வெளிப்பக்கமா விட்டிருக்கேன் பாரு, உள்ள ஒரு பிசிறு இருக்காது. முக்கியமா இந்த எடம். தொண்டைக்குழிக்குக் கீழ, கோடு ஆரம்பிக்கற எடம். அங்க துணி மடியவே கூடாது. மத்த எடம் எல்லாம் ஆறிடும். அங்க மட்டும் ரொம்ப நாளைக்கு நமநமன்னு இருக்கும். குளிர் நாள்ல உள்ளேருந்து யாரோ நூலைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும். சொறிஞ்சாலும் போகாது.

— இதையும் நர்ஸா சொன்னா?

— ஆமா.

— சரி.

— என்ன சரி? ஏன் அப்படிப் பாக்கற?

— கையைப் பாக்கறேன். நாடாவை விட்டுட்டு உங்க கை கழுத்துப் பட்டனுக்குப் போச்சு.

— புழுக்கமா இருக்கு.

— புழுக்கமா இருந்தா கழட்டுவாங்க. நீங்க போட்டிருக்கான்னு தடவிப் பாத்தீங்க.

— கதவு தட்டற சத்தம் கேக்குது. உன் புருஷனா இருக்கும். திற.

— ஏங்க, வந்தாச்சா. உள்ள வாங்க. நல்ல நேரத்துலதான் வந்தீங்க.

— சரி சரி. காலையில வண்டி சொல்லியாச்சு, வெள்ளையா பெரிய வண்டி. நீ பின்னாடி படுத்துக்கிட்டே வரலாம். சரியா? இன்னைக்கு ஒரே நாள்ல நாலு வீட்டு ஏசியைக் கழட்டி மாட்டிட்டு ஓடி வர்றேன். இதென்ன, பாட்டிலுக்குச் சட்டை போட்டு வச்சிருக்கீங்க?

— உங்க பிள்ளைதான் அது. அப்பா மாதிரியே பேசாம இருக்கு. ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

— சரி, கேளு.

— அன்னைக்கு அந்த டாக்டர் கேட்டாரே. ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாருக்காச்சும் பிறவியிலேயே இதயத்துல கோளாறு இருந்துச்சான்னு.

— ஆமா. இருந்தாத்தான் வரும்னு இல்ல, எழுதி வச்சுக்கறதுக்காகக் கேக்கறோம்னு சொன்னாரு.

— அவர் சொன்னதை விடுங்க. நீங்க சொன்னது?

— இல்லேன்னு சொன்னேன். நீயும்தான் இல்லேன்னு சொன்ன.

— நான் யோசிச்சுட்டுச் சொன்னேன். பெரியப்பா, சித்தி, அவங்க பிள்ளைங்க எல்லாரையும் ஒரு சுத்து சுத்திட்டுச் சொன்னேன். நீங்க அவர் கேட்டு முடிக்கறதுக்குள்ள சொன்னீங்க. சொல்லும்போது உங்க கை பாக்கெட்ல சாவியை எண்ணிட்டிருந்துச்சு. இப்ப எண்ற மாதிரி.

— சாவிதானே. சரி, வெளிய எடுத்து வச்சுட்டேன். போதுமா?

— அக்காவை ஏன் பாக்கறீங்க? கேள்வி கேட்டது நான்.

— அக்கா, என்ன இது?

— டேய் தம்பி, நீ கீழ போ. நாளைக்கு ரூமுக்கு ஒரு பக்கெட்டும் கப்பும் வேணும். அங்க விக்கறது எல்லாம் ஓட்டை. இங்கயே வாங்கிட்டு வா.

— சரிக்கா.

— இருங்க. பதில் சொல்லிட்டுப் போங்க.

— சரி, வந்து பேசலாம். கடை சாத்திருவான்.

— எந்தக் கடையும் இந்நேரத்துக்குச் சாத்த மாட்டான். ஏங்க. ஏங்க.

— விடு, போகட்டும். அவனைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. அவன் வாயைத் தச்சது எங்கம்மா.

— அப்ப இருக்கு. ஏதோ இருக்கு.

— உக்காரும்மா. நின்னுக்கிட்டே கத்தாத.

— நான் கத்தல. ரெண்டு நாளா உங்களைச் சந்தேகப்பட்டேன், சட்டையைக் காட்டினீங்க, வெக்கமா போச்சு. இப்ப அந்த வெக்கமும் போச்சு. நான் தப்பான பொருளைப் பிடிச்சிருக்கேன், ஆனா சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கேன். கடையில இப்படி நடக்கும். பையில சேலை இருக்கும்னு நிறுத்துவோம், பையில ஒண்ணும் இருக்காது. உடுத்திட்டு நிப்பாங்க.

— உன் வேலையில நீ கெட்டிக்காரிதான்.

— புகழாதீங்க. பச்சப் பிள்ளைக்குப் பேச வராது. நெஞ்சுல குளிர் நாள்ல இழுக்குதுன்னு அந்த நர்ஸுக்கு எந்தப் பிள்ளை சொல்லிச்சு?

— தண்ணி கேட்டேனே, இன்னும் குடுக்கல நீ.

— அண்ணி, எனக்குச் சண்டை வேணாம். நெஜமா சொல்றேன். நான் ஒரு விஷயத்தை யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டச் சொல்றேன். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு நான் என் பிள்ளை முகத்தை நெனச்சுப் பாக்கறேன். பொறந்த முகம் வருது. அதுக்கு மேல வரல. நடக்கற மாதிரி நெனச்சா வரல. பல்லு விழுந்து சிரிக்கற மாதிரி நெனச்சா வரல. திரை கறுப்பாயிடுது. கேமரா கெட்டுப்போன மாதிரி. டாக்டர் நூத்துக்கு இத்தனை பேருன்னு கணக்குச் சொல்றாரு. கணக்குக்கு முகம் இல்லையே. அந்த நூறுல ஒருத்தரைக்கூட நான் கண்ணால பாத்ததில்ல.

— வார்டுல பிள்ளைங்க இருக்கு. காட்டறேன்.

— பிள்ளைங்க வேணாம். பிள்ளைங்களை நெனச்சுத்தான் பயப்படறேன். வளந்த ஆளு வேணும்.

— சொன்னா நீ எங்க எல்லாரையும் வெறுத்துருவ.

— அதை ஏற்கனவே பண்ணிட்டுத்தானே இருக்கேன். புதுசா என்ன.

— உன்னைப் பொண்ணு கேக்க வந்தப்பவே சொல்லியிருக்கணும். நான் சொல்றேன்னுதான் சொன்னேன். உனக்குத்தான் நடக்கல, உன் தம்பிக்கும் கல்யாணம் நடக்கவிட மாட்டியான்னு அம்மா கேட்டுட்டாங்க. அதுக்கு மேல எனக்கு வாய் வரல. இப்பக் கூட சத்தியம் வாங்கியிருக்காங்க, போன்லயே.

— என்ன சொல்லியிருக்கணும்?

— அந்தச் சத்தியத்தை எப்படி மீறுறதுன்னுதான் ரெண்டாவது மாடியில நின்னு யோசிக்கறேன், தெனமும். மூச்சும் வாங்குச்சு, பொய் இல்ல.

— அண்ணி, சுத்தாதீங்க. ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. சின்ன வயசுல நெஞ்சைத் திறந்து தச்ச ஒரு பிள்ளை, வளந்து ஆளாகி, வேலைக்குப் போய், பஸ் மாறி, மாடி ஏறி, என்னை மாதிரி ஒருத்திகிட்டத் திட்டு வாங்கிட்டு நிக்கறதைக் காட்டுங்க. நாளைக்கு வண்டியில மொத ஆளா ஏறி உக்காந்துருவேன். உங்க மடியில தலை வச்சுப் படுத்துக்கிட்டே வருவேன்.

— ஜன்னல் திரையை இழுத்து விடு.

— எதுக்கு?

— கதவையும் தாப்பாள் போட்டுட்டு வா. உன் கல்யாணத்துக்கு நீ ஆசையா எடுத்துக் குடுத்தியே, அந்த எறக்கக் கழுத்து பிளவுஸை நான் ஏன் போடலேன்னு காட்டறேன்.